பழைய காரில் மின்சார பெட்ரோல் பம்பு: டேங்க் பக்கமா, இன்ஜின் பக்கமா?

அம்பாசடர், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, பழைய ஃபியட் என்று எதை எடுத்தாலும் பெட்ரோல் டேங்க் பின்னால் இருக்கும், கார்புரேட்டர் முன்னால் இருக்கும். நடுவில் பெட்ரோலைக் கொண்டுவந்து சேர்ப்பது இன்ஜினின் பக்கவாட்டில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் மெக்கானிக்கல் பம்பு. மெக்கானிக்குகள் வாயில் அது ‘ஏசி பம்பு’ (ஏசி என்பது பம்பு செய்த கம்பெனியின் பெயர், குளிர்சாதனம் இல்லை). கேம்ஷாஃப்ட் சுற்றச் சுற்ற ஒரு நெம்புகோல் மேலும் கீழும் அசையும். அது உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வை, அதாவது டயஃப்ரத்தை, இழுத்து விடும். அவ்வளவுதான் அதன் வேலை.

இந்தப் பம்புக்கு வயசாகும்போதுதான் மின்சார பம்பு பேச்சு வருகிறது. மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற கார் என்றால் கார்புரேட்டரில் இருந்த பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். செல்ஃப் அடித்து அடித்து, ஏசி பம்பு பின்னாலிருந்து பெட்ரோலை இழுத்து வருவதற்குள் பேட்டரி படுத்துவிடும். மின்சார பம்பு இருந்தால் சாவியைத் திருப்பி கொஞ்ச நேரம் காத்திருந்தால் போதும், கார்புரேட்டர் நிறைந்துவிடும். பழைய கார் வைத்திருப்பவர்கள் இதற்கு மாறுவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. வாங்கிய பம்பை எங்கே மாட்டுகிறார்கள் என்பதில்தான் சிக்கல். பானெட்டைத் திறந்தால் ஏற்கெனவே பெட்ரோல் டியூப் வந்து நிற்கிறது, பேட்டரி பக்கத்தில் இருக்கிறது, கை எட்டுகிறது; அங்கேயே இரண்டு ஸ்க்ரூவைப் போட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். மார்கழியில் ஓடும். சித்திரையில் சிக்னலில் நிற்கும்.

டேங்குக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில், டேங்கின் அடிமட்டத்தை ஒட்டிய உயரத்தில் மாட்ட வேண்டும். ஏன் என்பது புரிந்துவிட்டால் உங்கள் காரில் அந்த இடம் எது என்பதை நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

பம்பு ‘இழுக்கிறது’ என்று சொல்கிறோமே தவிர, எந்தப் பம்பும் திரவத்தை இழுப்பதில்லை. அது தன் வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது. டேங்கில் இருக்கும் பெட்ரோலின் தலையில் உட்கார்ந்திருக்கும் காற்று, அழுத்தம் குறைந்த அந்தப் பக்கமாக பெட்ரோலைத் தள்ளிவிடுகிறது. கிணற்றில் மோட்டார் வைத்திருக்கிற எல்லோருக்கும் இது தெரிந்த சங்கதி. மேலே தரையில் மோட்டாரை வைத்தால் இருபத்தைந்து அடி ஆழம் வரைதான் தண்ணீர் ஏறும். அதற்குமேல் தண்ணீர் இறங்கிப் போனால் மோட்டாரைக் கிணற்றுக்குள் திட்டு கட்டி இறக்குவோம், இல்லையென்றால் நீர்மூழ்கி மோட்டார் போடுவோம். எத்தனை குதிரைச் சக்தி மோட்டார் வாங்கினாலும் மேலே வைத்து உறிஞ்சுவதற்கு ஓர் எல்லை உண்டு. கீழே வைத்து மேலே தள்ளுவதற்கு அப்படி ஓர் எல்லை இல்லை.

பெட்ரோலுக்கு அந்த எல்லை இன்னும் நெருக்கமானது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. பெட்ரோல் பலவிதமான பொருட்களின் கலவை. அதில் லேசானவை 40 டிகிரிக்குப் பக்கத்திலேயே ஆவியாகக் கிளம்பிவிடும். எண்களாகப் பார்ப்போம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். 38 டிகிரி வெப்பத்தில் பெட்ரோலின் ஆவியழுத்தம் (ஆவியாகக் கிளம்ப அது தள்ளும் அழுத்தம்) 60 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம்; நம் பங்க்குகளில் வரும் பெட்ரோல் ஏறத்தாழ அந்த அளவில்தான் இருக்கும். ஆக, உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் 60-க்குக் கீழே போனால் டியூபுக்குள்ளேயே பெட்ரோல் குமிழி விட ஆரம்பிக்கும். கையிருப்பு 41 கிலோபாஸ்கல். டேங்கிலிருந்து பானெட் உயரத்துக்கு ஏற்ற இரண்டடி என்றால் அதற்கு நாலு ஐந்து போகும். நீளமான மெல்லிய டியூப், வளைவுகள், அரைகுறையாக அடைத்த ஃபில்டர் இவை இன்னும் கொஞ்சம் தின்னும். ஆனாலும் மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும்.

அந்த மிச்சத்தைத் தின்பது சூடு. பானெட்டுக்குள் 38 டிகிரி என்பது விடியற்காலைக் கணக்கு. சூடு ஏற ஏற பெட்ரோலின் ஆவியழுத்தம் சரசரவென்று ஏறும். 52 டிகிரி வாக்கில் அது காற்றழுத்தத்தையே தொட்டுவிடும். அதாவது யாரும் உறிஞ்சாமலே கொதிக்கும். பம்பு உறிஞ்சி அழுத்தத்தை 10 கிலோபாஸ்கல் குறைத்துவிட்டால் 49 டிகிரியிலேயே கொதிநிலை வந்துவிடும். அதே டியூபில் பெட்ரோல் 3 பிஎஸ்ஐ அழுத்தத்தில் தள்ளப்பட்டு வருகிறது என்றால், அதாவது காற்றழுத்தத்துக்கு மேல் இன்னும் 20 கிலோபாஸ்கல், கொதிக்க 58 டிகிரி வேண்டும். இழுப்பதற்கும் தள்ளுவதற்கும் இடையில் எட்டு, ஒன்பது டிகிரி. பெட்ரோலுக்குப் பெட்ரோல் இது மாறும், தோராயக் கணக்குதான். ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு ரயில்வே கேட்டில் நிற்கும் காருக்கு அந்த ஒன்பது டிகிரி பெரிய விஷயம்.

டயஃப்ரம் பம்புக்குள் ஆவி புகுந்துவிட்டால் என்ன ஆகும்? டயஃப்ரம் அசையும், உள்ளே இருக்கும் ஆவி சுருங்கும், விரியும். பெட்ரோல் நகராது. இதுதான் வேப்பர் லாக். ஊட்டிக்கு ஏறும் அம்பாசடர்களில் பம்பின்மேல் ஈரத்துணி போட்டுக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது மூடநம்பிக்கை இல்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் 77 கிலோபாஸ்கல்தான். மேலே கணக்குப் போட்ட அதே பெட்ரோல் அங்கே 45 டிகிரியிலேயே கொதிக்கும். குளிர்ந்த ஊர்தானே என்று கேட்கலாம். ஊர் குளிர்ந்தது, மேட்டுப்பாளையத்திலிருந்து முதல் இரண்டு கியரிலேயே ஏறி வந்த இன்ஜின் குளிர்ந்ததில்லை.

எத்தனால் இதில் ஒரு துணைக் கதை. 2023 பிப்ரவரியிலிருந்து 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது, இப்போது பெரும்பாலும் அதுதான் கிடைக்கிறது. பெட்ரோலில் எத்தனாலைக் கொஞ்சமாகக் கலந்தால் கலவையின் ஆவியழுத்தம் ஏறும். அதைவிடப் பழைய கார்க்காரருக்கு முக்கியம், பழைய ரப்பருக்கு எத்தனால் ஆகாது. டயஃப்ரமும் ஹோஸும் ஊதி, மெத்தென்று ஆகி, பிறகு வெடிப்பு விடும். பம்பு மாற்றும்போது ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான், தீயணைப்பு வண்டியைவிடக் குறைவு.

இவ்வளவும் சொன்ன பிறகு விவரம் தெரிந்தவர் ஒரு கேள்வி கேட்பார்: பிரிட்டிஷ் காரான மாரிஸ் மைனரில் கம்பெனியே மின்சார பம்பைப் பானெட்டுக்குள் வைத்துத்தானே கொடுத்தான்? உண்மைதான். 1948 முதல் 1971 வரை தயாரான அந்தக் காரில் எஸ்யூ கம்பெனியின் பம்பு, இன்ஜின் அறைக்கும் உட்காருமிடத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்புத் தகட்டில் உயரமாக உட்கார்ந்திருக்கும். சாவியைத் திருப்பினால் டக் டக் டக் என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் தானே அடங்கும். அது பல லட்சம் கார்களில் வேலை செய்தது.

செய்ததற்குக் காரணம், எஸ்யூ இரண்டு வகைப் பம்பு செய்தது. ஒன்று, தூரத்திலிருந்து உறிஞ்சுவதற்கென்றே அமைத்த எல் வகை. உறிஞ்சும் திறன் அதிகம், தள்ளும் அழுத்தம் குறைவு. கார்புரேட்டர் பக்கத்திலேயே இருப்பதால் அதிகம் தள்ளத் தேவையும் இல்லை. இன்னொன்று எச்பி வகை, டேங்க் பக்கத்தில் உட்கார்ந்து முன்னால் தள்ளுவதற்கு. எஸ்யூ பம்பு போட்ட இன்னொரு பிரிட்டிஷ் காரான எம்ஜியின் வரிசையைப் பார்த்தால் அந்தக் கார்க் கம்பெனி எந்தப் பக்கம் நகர்ந்தது என்பது தெரியும். டிசி, டிடி மாடல்களில் பம்பு முன்னால் தடுப்புத் தகட்டில் இருந்தது. 1953-ல் வந்த டிஎஃப் மாடலில் அதைப் பின்னால் டேங்க் பக்கம் கொண்டுபோனார்கள். அடுத்து வந்த எம்ஜிஏ, 1962-ல் வந்த எம்ஜிபி எல்லாவற்றிலும் பின்னால்தான். இங்கிலாந்தின் குளிரிலேயே அவர்கள் அப்படி முடிவு செய்தார்கள் என்றால் வேலூர் வெயிலில் நாம் யோசிக்க என்ன இருக்கிறது? மைனரில் கம்பெனி கொடுத்த எல் பம்பு நன்றாக ஓடுகிறது என்றால் அதைத் தொடாதீர்கள். அந்த இடத்தில் வேறு பம்பைப் போடும்போது மட்டும் அது உறிஞ்சக்கூடிய பம்பா என்று பாருங்கள். இன்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை தள்ளத் தெரிந்தவை, உறிஞ்சத் தெரியாதவை. குறிப்பாக உள்ளே சக்கரம் சுழலும் வகைப் பம்புகள். பெட்ரோல்தான் அவற்றுக்கு எண்ணெய், பெட்ரோல்தான் குளிர்ச்சி. காய்ந்து சுழன்றால் சீக்கிரமே தேய்ந்துபோகும்.

இன்னொரு பக்கம் ஃபோக்ஸ்வாகன் பீட்டில். அதில் டேங்க் முன்னால், இன்ஜின் பின்னால். “மின்சார பம்பு எப்போதும் காரின் பின்பக்கம்” என்று யாராவது மனப்பாடமாகச் சொன்னால் பீட்டிலைக் காட்டுங்கள். அதில் பம்பு முன்னால், டேங்குக்குக் கீழே மாட்டப்பட வேண்டும்.

சரி, அம்பாசடர் போன்ற காரை ஸ்டாண்டில் ஏற்றி அடியில் படுத்துப் பார்க்கிறோம். எங்கே மாட்டுவது? முதலில் டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியே வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து ஓரடி, ஒன்றரை அடிக்குள் கெட்டியான தகடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டேங்கின் அடிமட்டத்தோடு சமமாகவோ அதற்குச் சற்றுக் கீழாகவோ இருந்தால் பெட்ரோல் தானாகவே வழிந்து பம்புக்குள் வந்து நிற்கும். பம்பு உறிஞ்சவே வேண்டியதில்லை. ஆனால் காரின் மிகத் தாழ்ந்த பாகம் பம்பாக இருந்துவிடக் கூடாது. நம் ஊர் வேகத்தடைகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

சைலன்சர் பைப் போகும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் நல்லது. பின்சக்கரம் கல்லும் சேறும் வாரி அடிக்கும் நேர்க்கோட்டில் வேண்டாம்; வேறு வழி இல்லையென்றால் முன்னால் ஒரு தகட்டை மறைப்பாக வையுங்கள். ஸ்டாண்டில் இருக்கும்போது பின் ஆக்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். பின்சீட்டில் நாலு பேர், டிக்கியில் சாமான் என்று கார் பள்ளத்தில் இறங்கும்போது ஆக்ஸிலும் ஸ்பிரிங் பட்டையும் எவ்வளவு மேலே வரும் என்று கணக்குப் பண்ணி, அந்த எல்லைக்கு வெளியே வையுங்கள்.

டிக்கிக்குள் வைக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. வெயில் மழை படாது, கை எட்டும் என்பது அவர்கள் நியாயம். கசிந்தால் ஆவி டிக்கியிலும் அங்கிருந்து பின்சீட்டுக்கும் வரும் என்பது என் நியாயம். பிந்தைய எம்ஜிபி கார்களில் ஒரு நடுவழி இருந்தது: மின்சாரத் தலைப்பகுதி டிக்கிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், பெட்ரோல் போகும் பகுதி வெளியே கீழே. கரண்டை விட்டுவிட்டுக் கொடுக்கும் பாயின்ட் நனையாது, பெட்ரோலும் உள்ளே வராது. அதேபோலச் செய்ய முடிந்தால் செய்யலாம். முழுப் பம்பையும் டிக்கிக்குள் வைப்பதற்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சென்னை மாதிரி நவம்பர் மாதம் முட்டளவு தண்ணீரில் ஓட்ட வேண்டிய ஊரில் அடியில் வைத்த எஸ்யூ பம்புக்கு ஒரு ஏற்பாடு உண்டு: அதன் மூச்சுக்குழாயில் ஒரு சின்ன டியூபைச் செருகி, மறுமுனையை டிக்கியில் உலர்ந்த இடத்துக்குக் கொண்டுபோய் விடுவது.

மாட்டும் விதத்தில் ஒரு சின்ன விஷயம் நிறையப் பேரைப் படாத பாடு படுத்துகிறது. பம்பு அடிக்கும் டக் டக் சத்தம் தகடு முழுக்க அதிர்ந்து உள்ளே கேட்கும் என்பதால் ரப்பர் புஷ் வைத்து மாட்டுவார்கள். மாட்டத்தான் வேண்டும். ஆனால் பல பம்புகளுக்கு எர்த் கிடைப்பதே உடம்பு தகட்டோடு ஒட்டியிருப்பதால்தான். ரப்பர் வைத்ததும் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். பம்பு அடிக்காது, அல்லது எங்கோ ஒரு பக்கம் உரசும்போது மட்டும் அடித்து அடித்து நிற்கும். பம்பைக் கழற்றிக் கடைக்காரரிடம் கொண்டுபோனால் அவர் மேஜையில் ஜோராக ஓடும். பம்பின் உடம்பிலிருந்து பெயின்ட் சுரண்டிய சுத்தமான இரும்புக்குத் தனியாக ஒரு எர்த் ஒயர் போட்டால் தீர்ந்தது.

கூடவே, பழைய பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் எர்த் இருக்கும், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடம்போடு சேர்ந்திருக்கும். பாயின்ட் வைத்த பழைய எஸ்யூ பம்புக்கு எந்தப் பக்கம் கொடுத்தாலும் சம்மதம். எலக்ட்ரானிக் பம்புக்கு அப்படி இல்லை, மாற்றிக் கொடுத்தால் ஒரே தடவையில் போய்விடும். எந்த எர்த்துக்கான பம்பு என்று பெட்டியிலேயே போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். எஸ்யூ பம்பில் பெட்ரோல் வெளியே போகும் வாய் மேலே பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் காற்றுக் குமிழி உள்ளேயே தங்கிவிடும்.

டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு சாதாரண வலை ஃபில்டர் போதும். பழைய டேங்கிலிருந்து வரும் துருவைத் தடுத்தால் சரி. சன்னமான ஃபில்டரைப் பம்புக்குப் பிறகு, தள்ளும் பக்கத்தில் வையுங்கள். உறிஞ்சும் பக்கத்தில் சன்ன ஃபில்டர் வைப்பது பம்பின் கழுத்தை நெரிப்பது. உறிஞ்சும் பக்கத்தைக் குட்டையாக வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தள்ளும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் பெட்ரோல் சொட்டும், வாடை வரும், தெரிந்துவிடும். உறிஞ்சும் பக்கத்தில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் பம்பு உறிஞ்சும்போது ஒரு சொட்டும் வெளியே வராது. காற்று உள்ளே போகும். கார் மிஸ்ஸிங் அடிக்கும், மெக்கானிக் பிளக்கையும் காயிலையும் மாற்றிக்கொண்டே இருப்பார்.

எவ்வளவு பெரிய பம்பு? மணிக்கு 80 கிலோமீட்டரில், லிட்டருக்கு 10 கொடுக்கும் அம்பாசடர் ஒரு மணி நேரத்தில் 8 லிட்டர்தான் குடிக்கிறது. ஏற்றத்தில் முழுசாக மிதித்தாலும் அதைப்போல இரண்டு மடங்கு. சின்னப் பம்பே தாராளம். கவனிக்க வேண்டியது அழுத்தத்தை. இந்தக் கார்புரேட்டர்களுக்கு 2 முதல் 3 பிஎஸ்ஐ போதும். காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கும் இன்ஜெக்ஷன் கார் பம்பு நாற்பது பிஎஸ்ஐ கிட்டத் தள்ளும். கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டும் ஊசி வால்வும் அதை எப்படித் தாங்கும்? கார்புரேட்டர் வழிந்து பெட்ரோல் சூடான மேனிஃபோல்டு மேல் கொட்டும். அதை வாங்கவே வாங்காதீர்கள்.

பம்பைப் பின்னால் வைப்பதில் ஒரு பாதகம் உண்டு, மறைக்கக் கூடாது. காரின் முழு நீளத்துக்கும் இப்போது அழுத்தத்தில் பெட்ரோல் ஓடுகிறது. ஏசி பம்பு என்றால் இன்ஜின் நின்றதும் அதுவும் நிற்கும். மின்சார பம்புக்கு இன்ஜின் நின்றது தெரியாது. கார் மோதிக் கவிழ்ந்து கிடந்தாலும் சாவி போட்டிருக்கும்வரை அறுந்த டியூப் வழியாகப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். அதனால் ஃபியூஸ், ரிலே இரண்டோடு இனெர்ஷியா சுவிட்ச் ஒன்றும் கட்டாயம். மோதலின் குலுக்கலில் அது தானே கரண்டை வெட்டும்; மேலே இருக்கும் பொத்தானை அமுக்கினால் மறுபடி சேரும். இன்னும் ஒரு படி போகிறவர்கள் இன்ஜின் ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாகவும் கரண்ட் கொடுப்பார்கள். ஆயில் பிரஷர் இல்லையென்றால் பம்பு இல்லை. செல்ஃப் அடிக்கும்போது மட்டும் நேராகக் கரண்ட் போகும். பம்பு டேங்குக்குக் கீழே இருப்பதால் டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியே வரும் இடத்தில் மூடித் திறக்கும் ஒரு டேப்பும் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் பம்பைக் கழற்றும் அன்று டேங்க் பெட்ரோல் முழுக்கத் தரையில்.

பழைய ஏசி பம்பை என்ன செய்வது? அப்படியே இருக்கட்டும், அதன் வழியாகவே பெட்ரோல் போகட்டும் என்று விடுகிறவர்கள்தான் அதிகம். அதன் டயஃப்ரம் கிழிந்த நாளில் பின்னாலிருக்கும் மின்சார பம்பு பெட்ரோலை நேராக இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் சம்புக்குள் தள்ளும். ஆயில் தண்ணீராகி பேரிங் போகும். டிப்ஸ்டிக்கை இழுத்தால் மட்டம் ஏறியிருக்கும், முகர்ந்தால் பெட்ரோல் வாடை. ஏசி பம்பைக் கழற்றி, அந்தத் துளையைத் தகடும் கேஸ்கெட்டும் வைத்து மூடுங்கள். கழற்றியதைப் பத்திரமாக வைத்திருங்கள். காரை விற்கும்போது வாங்குகிறவர் அதைக் கேட்பார்.

எல்லாம் மாட்டிய பிறகு இன்ஜின் ஆறியிருக்கும்போது, திறந்த வெளியில், பக்கத்தில் தீ எதுவும் இல்லாமல், கார்புரேட்டர் ஹோஸைக் கழற்றி ஒரு லிட்டர் கேனுக்குள் விட்டு ஒரு நிமிடம் பம்பை ஓடவிடுங்கள். அரை லிட்டர் விழுந்தால் போதும். குறைந்தால் டேங்க் மூடியைத் திறந்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போது சரியாக விழுகிறது என்றால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, பம்பின்மேல் பழி இல்லை. கேனுக்குள் குமிழி குமிழியாக விழுகிறது என்றால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவே இருக்கும் அந்த ஒன்றரை அடியில் ஏதோ ஒரு கிளிப் லூஸ்.